வாயசைப்பு

நடித்த படங்களிலெல்லாம் கமலவேணி சொந்தக் குரலில்தான் பாடியிருந்தாள். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு, மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடித்தது. "முகம் உங்களுது, குரல் வேற யாராவது. இப்ப எல்லாப் படத்துலயும் அப்படித்தாம்மா," என்றார் டைரக்டர். அவள் தலையாட்டினாள்.

படப்பிடிப்பன்று ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தங்கை பத்மாசனியின் குரல். கமலவேணியே ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்த குரல்.

செட்டின் ஓரத்தில் நின்றிருந்த பத்மாசனி ஓடிவந்தாள். "நான் கேக்கலக்கா. அவங்களேதான் கூப்பிட்டாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"அனுபல்லவி நடுவுல மூச்சு விட்டுட்டியேடி."

"தாங்கலக்கா. திரும்பப் பாடிக் குடுக்கட்டுமா?"

"ரெக்கார்டு ஆயிடுச்சு. இனிமே நான்தான் அங்க வாயை மூடணும்."

மேக்கப்காரர் அவள் கன்னத்தைத் துடைத்து மறுபடி பவுடர் ஒற்றினார். விளக்குகள் எரிந்தன. பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. தனக்கு மூச்சு முட்டவே முட்டாத அந்த இடத்தில், கமலவேணி வாயை மூடித் திறந்தாள்.

டைரக்டர் கைதட்டினார். "அச்சு அசலா நீங்களே பாடின மாதிரி இருக்கும்மா!"