எதுவாயினும்

"நாங்க சம்மதம் குடுத்துட்டோம்னு சொல்றீங்களே, அந்தத் தாளக் காட்டுங்க சார்."

செவ்வந்தி கேட்டேவிட்டாள்.

பக்கத்தில் நின்ற அவள் அப்பா முனியன் கண்ணை மூடிக்கொண்டார். தும்பைக்காட்டிலிருந்து கரியாலூர் வரைக்கும் நடந்து வந்த வழியெல்லாம் அவர் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தண்ணியப் பத்திக் கேளு, நெலத்தப் பத்திக் கேளு, சண்டகூடப் போடு. தாள மட்டும் கேக்காத.

ஏன் என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன என்று அவளும் விட்டுவிட்டாள். பையில் பேனா செருகிய சட்டையைக் கண்டாலே தோள்துண்டை இடுப்புக்கு இறக்குகிற மனுஷன்.

நீர்மின் திட்ட அலுவலகம் என்று பலகை மாட்டிய அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு வெளியே, பலா மரத்தடியில், தும்பைக்காடு மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. அறுபத்திரண்டு வீடு. அருவிக்கு மேலே தடுப்பைக் கட்டித் தண்ணீரைக் குழாயில் திருப்பிவிட்டால், கீழே இவர்களுடைய நெல்லுக்கும் மரவள்ளிக்கும் மிஞ்சப்போவது ஈரப்பாறைதான். அந்த மின்சாரமும் கம்பியேறி மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விடும். தும்பைக்காட்டில் எரிவது இன்னும் சிம்னி விளக்கு.

இதற்கு ஊரே எழுத்துமூலம் சம்மதம் கொடுத்திருப்பதாகப் போன வாரம் ஒரு கடிதம் வந்தது.

எவன் எழுதிக் கொடுத்தான்? விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் பட்டம் வாங்கி வந்த செவ்வந்தியை விட்டால், ஊரில் பேனா பிடிக்கிற ஆள் ரேஷன் கடை பூமாலை ஒருத்தன்தான். பிள்ளையைப் போட்டுத் தாண்டுகிறேன் என்று அழுதான். யாரும் நம்பவில்லை. அவன் வீட்டோடு பேச்சை நிறுத்தினார்கள். இன்றைக்கும் அவனைக் கூட வரவிடவில்லை.

"எழுதன கைய ஒடிச்சு அடுப்புல வெக்கணும்" என்று ஊர் நடுவில் நின்று கத்தியவள் செவ்வந்திதான்.

பொறியாளர் ராஜாங்கம் கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு நேரம் தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் விடுவோம் என்றும், நிலம் என்றால் மேலிடத்தில் கேட்கிறேன் என்றும் மழுப்பிக்கொண்டிருந்த ஆள், தாள் என்றதும் சுறுசுறுப்பாக எழுந்தார். பீரோவைத் திறந்தார். கோப்பின் நாடாவை அவிழ்த்து ஒரு நகலை உருவி நீட்டினார்.

"தாராளமா பாரும்மா. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குது?"

முதலில் பின்பக்கத்தைப் பார்த்தாள். வரிசையாக அறுபத்திரண்டு ரேகை. சாலம்மாளின் ரேகை பாதிதான். மரவள்ளி நறுக்கும்போது விரலில் மீதி போய்விட்டது. ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் பேர். தும்பைக்காட்டில் சின்னக்கண்ணு மட்டும் நாலு பேர் உண்டு. தாளிலும் நாலு பேரும் தனித்தனியாக இருந்தார்கள். சின்னக்கண்ணு (தேன்). சின்னக்கண்ணு (மேல்வூடு). சின்னக்கண்ணு (ஒத்தக்காது). சின்னக்கண்ணு (கோழி).

வெளியூர்க்காரன் எழுதியிருக்கவே முடியாது.

முன்பக்கம் திருப்பினாள்.

அது சம்மதக் கடிதமே இல்லை. தெருவுக்குக் கம்பம் நட்டு விளக்குப் போடச் சொல்லிப் போன வருஷம் ஊர் கொடுத்த மனு. வெளியே பலகையில் மின் என்று போட்டிருந்ததை நம்பி, மின்சாரக்காரர்கள் இவர்கள்தான் என்று இங்கே கொண்டுவந்து கொடுத்த மனு.

ராஜாங்கம் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

'மின்சாரம் தொடர்பான பணிகள் எதுவாயினும், ஊரார் அனைவரும் முழுமனதுடன் இடமளித்து ஒத்துழைப்போம் என உறுதி கூறுகிறோம்.'

கம்பத்துக்குக் குழி தோண்ட இடம் தருகிறோம் என்பதுதான் அது. கம்பத்துக்கு இரண்டடி. அவ்வளவுதான்.

எதுவாயினும். ஊரில் ஒருத்தரும் வாயால் சொல்லாத சொல். மனு கம்பீரமாக இருக்கட்டும் என்று தேடிப்பிடித்துப் போட்ட சொல்.

செவ்வந்தி அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள்.

"போய் உங்க ஜனங்களுக்குப் படிச்சுக் காட்டும்மா" என்றார் ராஜாங்கம். "அடி வரைக்கும் படி. நான் வேணாங்கல."

முனியன் அவள் முழங்கையைப் பிடித்தார். குரலை இறக்கினார். "நம்ம ஊரு ஒரே ஒரு தாட்டிதாம்மா ரேகை வெச்சுது. கடுதாசி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அடியில இருக்கறத வுட்டுட்டுப் படி. அங்க குந்திக்கினு இருக்கறவங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும்?"

ஆக, இந்த மனுஷன் பயந்தது ராஜாங்கத்துக்கு இல்லை.

வெளியிலிருந்து குஞ்சம்மாளின் குரல் வந்தது. "இன்னா செவ்வந்தி, எந்தக் கட்டைல போறவன் எழுதுனான்னு போட்டுக்கீதா? பூமாலதானே?"

அப்பா சொல்வதுபோல விட்டுவிட்டுப் படிக்கலாம். பழி பூமாலையோடு போய்விடும். ஆனால் இது கம்பம் கேட்ட மனு, அருவியைக் கொடுத்த தாள் இல்லை என்று எந்த அதிகாரியின் முன்னாலும் நின்று சாட்சி சொல்ல ஒரே ஓர் ஆளால்தான் முடியும். எழுதிய ஆளால். அந்தப் பேர் மறைந்தால் தாள் நிற்கும், தண்ணீர் போகும். அந்தப் பேர் வெளியே வந்தால், அதன் பிறகு அது எழுதுகிற எந்தத் தாளிலும் தும்பைக்காடு விரல் வைக்காது.

அப்பாவின் கையை எடுத்துவிட்டாள். தாளோடு வாசலைத் தாண்டினாள். எங்கிருந்து படிப்பது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. அடியிலிருந்து.

'எழுதியவர்: மு. செவ்வந்தி, பி.ஏ.'