மனிதர் தொட்ட பெட்டி

துறைமுகச் சுங்கக் கூடத்தில் எல்லாச் சரக்கையும் இயந்திரமே நொடியில் பார்த்து அனுப்பிவிடும். ஆனாலும் தினமும் ஒரு பெட்டியையாவது மனிதர் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் பிரிசில்லா. அவள் தொட்ட பெட்டிக்கு மூன்று நாள் முத்திரை விழும். அதுவரை அவளே நினைத்தாலும் திறக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முழங்கால் வலி. உள்ளே நடக்க அலுத்துக்கொண்டு, கதவை ஒட்டியிருந்த சிறு பெட்டியைத் தொட்டுவிட்டாள். அதன் சீட்டை அப்புறம்தான் படித்தாள். கோவில்பட்டிச் சிறுமி ஒருத்திக்காக, அவளுடைய உயிரணுக்களிலிருந்தே கொழும்பில் வளர்த்த கருவிழிகள். ஆயுள் இரண்டு நாள்.

மேலதிகாரிகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். முத்திரையை உடைக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை சிறுமியின் அப்பா வேல்ச்சாமி வந்து, செத்துப்போன கருவிழிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

"மிஷினுக்கு என்னம்மா தெரியும், பாவம்" என்றார்.

தலையாட்டி அனுப்பியிருக்கலாம். பிரிசில்லாவால் முடியவில்லை.

"மிஷின் இல்லண்ணே. நான்தான். கால் வலிச்சுது, பக்கத்துல இருந்துச்சுன்னு எடுத்துட்டேன்."

அவர் சீட்டிலிருந்த மகளின் பெயரை விரலால் தடவினார். திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"மறுபடி வளக்க எட்டு மாசம் ஆவுமாம்" என்றார் கடைசியில். "அன்னைக்கும் நீங்கதான் இருப்பியளா?"

பயந்து கேட்கிறாரா, நம்பிக் கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"இருப்பேண்ணே. முதல் ஆளா வந்து வேற பெட்டியத் தொட்டுருவேன்."