பெண்களுக்கு மட்டும்

மோதி பாக் மேம்பாலத்தின் கீழே பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வீடற்றவர்களுக்காக அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து கட்டிய புது இல்லத்தின் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. "ஏறுங்கக்கா, அங்க கட்டில், மருந்து, வெந்நீர் எல்லாம் இருக்கு" என்கிறாள் நர்ஸ் டெல்பின். சிவகாமி படியில் கால் வைத்தபடி, பார்வையிழந்த கணவன் முத்தையாவைக் காட்டுகிறாள். "இவரு?" "பெண்களுக்கு மட்டும்தான்க்கா. ஆண்களுக்கு இன்னும் கட்டவே ஆரம்பிக்கல." கிழிந்த கம்பளிக்குள்ளிருந்து முத்தையா கையை வீசுகிறான். "போ புள்ள, ஜல்தி போ. இந்தக் குளிர்ல இருமியே சாவப்போறியா?" அவள் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறாள். டெல்பின் கதவைச் சாத்துகிறாள். வேன் கிளம்பிப் பேருந்துகளின் இரைச்சலில் கரைகிறது. "போய்ட்டா, தப்பிச்சா" என்று முத்தையா தனக்குத்தானே சொல்லிச் சிரிக்கிறான். ஓரடி தள்ளி நிற்கும் சிவகாமிக்கு, தான் இங்கேதான் இருப்பதைச் சொல்ல வாய் வரவில்லை.