மை பூசிய ஊர்
பட்டாளத்துக் கட்டடத்துக்குக் காலையிலிருந்து கல் சுமந்த சலேத்மேரிக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைத் தொடுகிறாள். விரல் பட்ட இடமெல்லாம் கல்தூள் ஒட்டுகிறது. சிங்கப்பூர் விழுந்துவிட்டதாகச் சேதி வந்து இரண்டு நாள். பட்டாளத்துக்குப் போன புருஷன் சூசைநாதன் அங்கே இருக்கிறானா, எகிப்தில் இருக்கிறானா, அவளுக்குத் தெரியாது. “சிங்கப்பூரு எது டீச்சரம்மா?” நோரா டீச்சர் பிரம்பு நுனியால் ஒரு புள்ளியைக் காட்டுகிறாள். “இம்மாத்தூண்டா? எங்க ஜீவனஹள்ளி குட்டையே இத்தவிடப் பெரிசு. இதுக்கா அடிச்சிக்கிறானுங்க?” டீச்சர் சிரிக்கவில்லை. சலேத்மேரி கொண்டுவந்திருக்கும், சூசைநாதன் கடைசியாக ஆள் வைத்து எழுதிப் போட்ட கடிதத்தை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் தணிக்கை அதிகாரி கறுப்பு மை பூசியிருக்கிறார். மை போனால் பெயர் தெரியுமென்று சலேத்மேரி எச்சில் தொட்டுத் தேய்த்ததில் அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது. “நல்லா பாருங்கம்மா, ஒரு எழுத்தாச்சும்...” “ஒண்ணுமே இல்ல மேரி.” ஓட்டை வழியே வந்த வெயில், படத்தில் கடல் இருக்குமிடத்தில் பொட்டுப்போல நிற்கிறது. பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு அவனைக் கூட்டிப்போன சர்க்கார், அவளுக்கு இன்னும் ஓர் ஊரின் பெயரைப் பாக்கி வைத்திருக்கிறது.