அந்த அப்பாவின் கயிறு

ஏரிக்கரைப் புல்வெளியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஏதோ ஒரு குடும்பம் பயன்படுத்திவிட்டு விற்ற கூடாரத்தோடு தையல்காரர் ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறார். இரண்டு முறை நிமிர்ந்த துணி, இரண்டு முறையும் புஸ்ஸென்று அவர் தலைமேலேயே விழுந்துவிட்டது. "அப்பா, கயித்துல எல்லாம் பேர் தச்சிருக்கு பாருங்க!" என்று மகள் கூவுகிறாள். நீல நூலில், அரிசியளவு எழுத்தில், அப்பா, அம்மா, குட்டி. யார் எந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். "அந்த வீட்டுக்காரரே உக்காந்து கையால தச்சாராம், விக்கும்போது அந்தம்மா சொன்னாங்க. என்ன ஒரு நறுவிசு!" என்று மனைவி எழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். பதினெட்டு வருஷமாக அவளுக்கு அவர் தைத்துக் கொடுத்த எந்த உடுப்பையும் அவள் இப்படித் தடவியதில்லை. "கோணலா இருக்கு" என்கிறார். கோணல் இல்லை. பேர் பார்த்து ஆளுக்கொரு கயிற்றை இழுத்து முளையில் மாட்டுகிறார்கள். கூடாரம் சொன்னபடி கேட்டு விறைப்பாக எழுந்து நிற்கிறது. "அந்த அப்பா செம கெட்டிக்காரர் இல்லம்மா?" என்று கேட்டுக்கொண்டே மகள் உள்ளே ஓடுகிறாள். துணியில் இரண்டு நிழல்கள் உருண்டு சிரிக்கின்றன. "நீங்களும் வாங்களேன்" என்கிறது பெரிய நிழல். "முளையை இன்னும் கொஞ்சம் அடிச்சிட்டு வரேன், போ." அவர் குந்தி உட்கார்ந்து, 'அப்பா' என்ற எழுத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடுகிறார். எப்பேர்ப்பட்ட தையலையும் துணி நோகாமல் பிரித்துவிடும் நகம் அது. கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. நூலின் முனை அகப்படவே இல்லை.