டிஷர்ட்டில் ஒரு குறை

ப்லோவ்திவ் நகர அரங்கின் வாசலில், தங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் கறுப்பு டிஷர்ட்களை மேசையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள் ரலிட்சா. நேற்று வாங்கிப்போன டிஷர்ட்டோடு திரும்பி வந்து நின்றான் யாவோர்.

“இதெல்லாம் ஒரு துணியாக்கா? ஒரே ஒரு தடவைதான் துவைச்சேன், தொப்புள் தெரியுது!”

“தொப்பையக் குறைடா.”

“கழுத்து தொளதொளன்னு தொங்குது. கை ரெண்டும் கவ்விப் பிடிக்குது. இதப் போட்டுட்டு எப்படிக்கா கையத் தூக்கி ஆடறது?”

ரலிட்சாவுக்கு வியர்த்தது.

“வேற... வேற ஏதாவது குறை இருக்கா?”

“இல்ல. நெஞ்சுல குழுவோட பேரு அச்சடிச்சது மட்டும் அற்புதம். அதுக்காகத்தான் சும்மா விடறேன்.”

இன்னும் பெரிய சைஸாக ஒன்றை மாற்றி வாங்கிக்கொண்டு யாவோர் உள்ளே போனான்.

மேசைக்கு அடியிலிருந்து டிரம்மர் காமென் தலையை நீட்டினான். டிஷர்ட்களை அச்சுக்குக் கொடுத்தவன் அவன்தான்.

“போயிட்டானா? பேரு தலைகீழா இருக்கறதக் கண்டுபிடிச்சிட்டானா?”

“இல்லடா. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல. எழுத்து முள்ளுக்காடு மாதிரி இருந்தா யாருக்குத்தான் தெரியும்?”

“மத்தவங்களுக்குத் தெரியலன்னா சரி,” என்றான் காமென். “அந்த எழுத்த வரைஞ்சு கொடுத்ததே இவன்தானேடி!”