தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு

கணக்கெடுப்பு நாளன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கப்பலேற்றிக் கடல் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுவார்கள். நாட்டில் இல்லாதவனை எப்படி எண்ணுவது? பக்கத்து நாடும் அதையே செய்வதால், நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் பீடி கைமாறும்.

துறைமுகச் சுமைதூக்கி மிக்கேல் இரண்டு தடவை போய்வந்தவன். இம்முறை மனைவி உண்டானதுமே, பிள்ளையை விட்டுப் போகக்கூடாதென்று எழுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டான்.

"வாசியும், பாப்போம்." அதிகாரி கொட்டாவியோடு கப்பல் பட்டியலையே நீட்டினார்.

மிக்கேல் விரல் வைத்துத் தன் பெயரை வாசித்தான்.

"தேறிட்டீரே! உம்ம பேரை அடிச்சிருதேன்."

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "மிக்கேல் மகள். வயது, பத்து நாள். சார், இது எம் பிள்ளைல்லா?"

"படிச்சவங்க கணக்குல நாம நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு, பக்கத்து நாட்டுக்காரன் புள்ளி எட்டு. பச்சப்பிள்ளையளயும் கப்பல்ல ஏத்தித்தான் முந்திட்டான். ஏழு வயசுக்குக் கீழ விட்டுருங்கன்னு மேலிடத்துல கேட்டேன். மூணுக்கு எறங்குனேன், ஒண்ணுக்கு எறங்குனேன். மசியல."

"தாய்க்காரியும் கூட வரலாமா?"

"பத்தாவது படிச்ச பொம்பளய எப்படிவே அனுப்ப? படிச்ச ஆளு ஒண்ணு குறையும்லா?"

மிக்கேல் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது சார். என் பேரை அடிச்சிராதிய."